ஒரே மெட்டில் நான்கு பாட்டு: கிட்டி வெல்ஸின் பதிலுக்குப் பின்னால் இருக்கும் கதை

கேள்வி இதுதான்: "கிட்டி வெல்ஸ் பாடிய 'இட் வாஸன்ட் காட் ஹூ மேட் ஹாங்கி டாங்க் ஏஞ்சல்ஸ்' என்ற பழைய அமெரிக்க கன்ட்ரி பாட்டும், ஹாங்க் தாம்சன் பாடிய 'தி வைல்டு சைடு ஆஃப் லைஃப்' பாட்டும் அச்சு அசலாக ஒரே மெட்டில் இருக்கின்றனவே. யார் யாரிடமிருந்து எடுத்தார்கள்? எந்தப் பதிவுகளைக் கேட்க வேண்டும்?"

சுருக்கமான பதில்: கிட்டி வெல்ஸின் பாட்டு தாம்சனின் பாட்டுக்கு எழுதப்பட்ட எசப்பாட்டு. மெட்டு வேண்டுமென்றேதான் அப்படியே வைக்கப்பட்டது. ஆனால் அந்த மெட்டு தாம்சனுக்கும் சொந்தமில்லை. அவருக்கு முன்பு அது கிறிஸ்தவப் பக்திப் பாட்டாக இருந்தது. அதற்கும் முன்பு, பிரிந்து போனவனை நினைத்து ஒரு பெண் பாடும் பாட்டாக இருந்தது. 1952-ல் கிட்டி வெல்ஸ் அதைப் பாடியபோது அமெரிக்கத் தெற்கில் அந்த மெட்டு தெரியாத காது கிடையாது. அந்தப் பாட்டின் பலத்தில் பாதி அங்கிருந்து வந்தது என்பது என் எண்ணம். அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

கிடைக்கும் ஒலிப்பதிவுகளை வைத்துப் பார்த்தால் இந்த மெட்டு 1925-லேயே தட்டில் ஏறிவிட்டது. கென்டக்கிக்காரரான வெல்பி டூமி, எட்கர் போவாஸுடன் சேர்ந்து கெனட் கம்பெனிக்குப் பதிவு செய்த 'தி த்ரில்ஸ் தட் ஐ கான்ட் ஃபர்கெட்' என்ற பாட்டு இதே மெட்டுதான். அது பெரிதாக ஓடவில்லை. மெட்டைப் பரப்பியது 1929 பிப்ரவரியில் நியூ ஜெர்சி மாநிலம் கேம்டனில் கார்ட்டர் குடும்பம் விக்டர் கம்பெனிக்குப் பதிவு செய்த 'ஐ'ம் திங்கிங் டுநைட் ஆஃப் மை ப்ளூ ஐஸ்'. நீலக் கண்ணன் ஒருவன் கடல் கடந்து போய்விட்டான், அவன் என்னை எப்போதாவது நினைப்பானா, இந்தப் பொல்லாத உலகில் நாம் சந்திக்காமலே இருந்திருக்கலாம் என்று ஒரு பெண் புலம்புகிற பாட்டு.

கார்ட்டர் குடும்பம் என்றால் மூன்று பேர்: ஏ.பி. கார்ட்டர், அவர் மனைவி சாரா, சாராவின் சித்தி பெரியம்மா வழித் தங்கையும் ஏ.பி.யின் தம்பி மனைவியுமான மேபெல். வர்ஜீனியாவின் தென்மேற்கு மூலையில் மலைகளுக்கு நடுவே இருந்த ஒரு பள்ளத்தாக்குக்காரர்கள். 1927 ஆகஸ்டில் டென்னஸி, வர்ஜீனியா எல்லையில் இருக்கும் பிரிஸ்டல் ஊருக்கு ரால்ஃப் பியர் என்பவர் பதிவுக் கருவிகளோடு வந்து, பாடத் தெரிந்தவர்களைத் தேடினார். அங்கே அகப்பட்டவர்கள் இவர்கள். சாராவுக்குக் கனமான, அலங்காரமே இல்லாத குரல். மேபெல் கிட்டாரில் தடித்த தந்திகளில் கட்டைவிரலால் மெட்டை வாசித்துக்கொண்டே மெல்லிய தந்திகளில் தாளத்தைத் தடவுவார். கன்ட்ரி கிட்டார் கற்கிற எவரும் இன்றைக்கும் முதலில் இதைத்தான் பழகுகிறார்கள்.

ஏ.பி.யின் வேலை பாட்டுத் தேடுவது. மலைக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பழைய பாட்டுகளைக் கேட்டு எழுதி வருவார். வரிகளை எழுதிக்கொள்ள முடியும், மெட்டை எழுத அவருக்குத் தெரியாது. அதற்காக லெஸ்லி ரிடில் என்ற கறுப்பின கிட்டார் கலைஞரைக் கூட்டிப் போவார். ரிடில் ஒருமுறை கேட்டாலே மெட்டைப் பிடித்துக்கொள்வார். திரும்பி வந்து சாராவுக்கும் மேபெலுக்கும் வாசித்துக் காட்டுவார். அந்தத் தட்டுகளில் அவர் பெயர் எங்கேயும் இருக்காது.

பெயர் விஷயத்தில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ரால்ஃப் பியர் விக்டர் கம்பெனியிடம் சம்பளம் வேண்டாம், பாட்டுகளின் வெளியீட்டு உரிமை எனக்கு இருந்தால் போதும் என்று பேசிக்கொண்டவர். ஆகவே யாரும் உரிமை கோராத பழைய பாட்டைக் கொண்டு வந்து, கொஞ்சம் மாற்றி, தன் பெயரில் பதிவு செய்யக்கூடிய பாடகர்கள்தான் அவருக்கு லாபம். பழைய பாட்டுகள் 'ஏ.பி. கார்ட்டர்' என்ற பெயரோடு கொத்துக் கொத்தாக வெளிவந்தது இப்படித்தான். 'ப்ளூ ஐஸ்' பாட்டிலும் அந்தப் பெயர்தான். ஏ.பி. திருடினார் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் தேடிப் போகாமல் இருந்திருந்தால் அந்தப் பாட்டுகளில் பல மலையிலேயே செத்துப் போயிருக்கும். ஆனால் 'இயற்றியவர்' என்று தட்டில் இருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

இந்தப் பாட்டோடு ஒட்டிக்கொண்ட ஒரு நிஜக் காதல் கதையும் உண்டு. சாராவுக்கும் ஏ.பி.க்கும் ஒத்துப் போகவில்லை. அவர் பாட்டுத் தேடி அலைந்த காலத்தில் வீட்டுக்கு உதவியாக வந்து போனவர் அவருடைய சொந்தக்காரரான கோய் பேய்ஸ். கோயின் கண்கள் நீலம். விஷயம் வெளியே தெரிந்ததும் கோயின் குடும்பம் கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. சாராவும் ஏ.பி.யும் 1933-ல் பிரிந்தார்கள், 1936-ல் விவாகரத்து. ஆனால் குழு கலையவில்லை. பிரிந்த கணவனும் மனைவியும் ஒரே மைக்கின் முன்னால் தொடர்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். பிழைப்பு என்று ஒன்று இருக்கிறதே.

1938-ல் அவர்கள் டெக்சாஸ் எல்லைக்குப் போனார்கள். மெக்சிகோ பக்கம் எக்ஸ்.இ.ஆர்.ஏ. என்ற வானொலி நிலையம் இருந்தது. ஆட்டு விதைப்பையை மனிதருக்குப் பொருத்தி ஆண்மையைத் திருப்பித் தருவதாகச் சொல்லிப் பணம் குவித்த ஜான் பிரிங்க்லி என்ற போலி வைத்தியரின் நிலையம் அது. அமெரிக்கச் சட்டம் எட்டாத இடம் என்பதால் அசுர சக்தியில் ஒலிபரப்புவார்கள். இரவானால் கலிஃபோர்னியாவிலும் கனடாவிலும்கூடத் தெளிவாகக் கேட்கும். 1939 பிப்ரவரியில் ஒரு நாள் சாரா அந்த மைக்கில், இந்தப் பாட்டு கலிஃபோர்னியாவில் இருக்கும் கோய் பேய்ஸுக்காக என்று சொல்லிவிட்டு 'ப்ளூ ஐஸ்' பாடினார். வருடக்கணக்கில் தொடர்பே இல்லாத கோய் அதைக் கேட்டார். கிளம்பி வந்தார். அதே மாதம் 20-ஆம் தேதி டெக்சாஸில் இருவருக்கும் திருமணம். ஏ.பி. அந்த நிகழ்ச்சிகளில் உடன் பாடிக்கொண்டிருந்தவர் என்பதை நினைத்துப் பார்த்தால் சிரிக்கவும் முடியவில்லை.

சரி, மெட்டுக்கு வருவோம். இதற்குள் அது இன்னொரு வேடம் போட்டுக்கொண்டுவிட்டது. பைபிளில் எரேமியா 12-ஆம் அதிகாரம் 9-ஆம் வசனத்தில் பலவர்ணப் பறவை ஒன்றைப் பற்றி வரும். சுற்றியுள்ள பறவைகள் எல்லாம் அதற்கு விரோதமாக இருக்கும். அந்தப் பறவையை, உலகத்தால் பழிக்கப்படும் உண்மையான சபைக்கு உருவகமாக்கி 'தி கிரேட் ஸ்பெக்கிள்டு பேர்ட்' என்ற பாட்டு எழுதப்பட்டது. வரிகள் கய் ஸ்மித் என்ற போதகருடையவை. மெட்டு, நீலக் கண்ணனுடையது. பெரிய தேவாலயங்கள் ஏளனமாகப் பார்த்த ஏழை பெந்தெகொஸ்தே சபைகளுக்கு இந்தப் பாட்டு நெஞ்சில் தைத்தது. நம்மை எல்லோரும் கொத்துகிறார்கள், ஆனால் கடைசியில் ஆண்டவரோடு போகப்போவது நாம்தான் என்கிற செய்தி அல்லவா.

டென்னஸியின் நாக்ஸ்வில் வானொலியில் இதைச் சார்லி ஸ்வேய்ன் என்பவரின் குழு பாடிக்கொண்டிருந்தது. அதே ஊரில் ஃபிடில் வாசித்துப் பாடிக்கொண்டிருந்த ராய் ஏகஃப் கேட்டார், ஸ்வேய்னிடமிருந்து வரிகளை வாங்கிக்கொண்டார். அவர் கொடுத்தது ஐம்பது சென்ட் என்று சொல்வார்கள். பறவைப் பாட்டு வைத்திருக்கும் பாடகன் ஒருவன் இருக்கிறான் என்று கேள்விப்பட்டுத்தான் ஏ.ஆர்.சி. என்ற பதிவுக் கம்பெனி ஏகஃபைத் தேடி வந்தது. 1936 அக்டோபரில் சிகாகோவில் பதிவு. 1938 பிப்ரவரியில் நாஷ்வில்லின் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' வானொலி மேடையில் அவருக்கு ஒரு வாய்ப்பு கிடைத்தது. அவர் பாடியது இதே பாட்டு. நேயர் கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்தன, அவரை நிரந்தரமாக எடுத்துக்கொண்டார்கள். அதுவரை ஆப்ரி மேடையில் ஃபிடிலும் பேஞ்சோவும் வாசிக்கும் குழுக்களுக்குத்தான் மவுசு. பாடகன் முன்னால் நிற்க, வாத்தியங்கள் பின்னால் நிற்கும் வழக்கம் ஏகஃபோடு வலுப்பெற்றது.

இந்தப் பதிவைக் கேட்டால் கார்ட்டர் குடும்பத்தின் பதிவோடு உள்ள வித்தியாசம் உடனே பிடிபடும். சாரா வலியை உள்ளே வைத்துக்கொண்டு பாடுவார். ஏகஃப் மலைச் சபைப் பாடகர்போலத் தொண்டை திறந்து, கிட்டத்தட்ட அழுதுகொண்டே பாடுவார். பின்னால் கிளெல் சம்மி வாசிக்கும் டோப்ரோ, அதாவது உலோகத் தட்டு பதித்து மடியில் வைத்து வாசிக்கும் கிட்டார், கூடவே அழும். மெட்டோ சுரம் மாறாமல் அப்படியே இருக்கும்.

மெட்டு எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஏன் எல்லோரும் இதை எடுத்தார்கள் என்பது புரியாது. கிட்டார் தெரிந்தவர்களுக்கு: ஜி சுருதியில் வைத்தால் ஜி, சி, டி, ஜி. அவ்வளவுதான். முதல் வரி ஜி-யில் தொடங்கி சி-யில் போய் நிற்கும், இரண்டாவது வரி டி-யில் தொடங்கி ஜி-க்கு வீடு திரும்பும். மூன்றாவதும் நான்காவதும் அதையே திரும்பச் செய்யும். கேள்வி கேட்டதுபோல ஒரு வரி, பதில் சொன்னதுபோல ஒரு வரி. ஒரு பத்தியைக் கேட்டவுடனே யாரும் கூடப் பாடலாம். வரிகளை மாற்றி எழுதுவதும் சுலபம், ஏனென்றால் ஒவ்வொரு வரியிலும் தாராளமாகச் சொற்கள் போட இடம் இருக்கிறது. ஊர்ப்பாட்டு மெட்டுகள் பிழைத்துக் கிடப்பது இந்த மாதிரிக் குணத்தால்தான்.

இனி மதுக்கடைக்குள் நுழையலாம். 1933-ல் அமெரிக்காவில் மதுவிலக்கு நீங்கியது. டெக்சாஸ் எண்ணெய் வயல்களைச் சுற்றி, ஊர் எல்லைகளில், சாலையோரங்களில் குடிக்கவும் ஆடவும் கடைகள் முளைத்தன. ஹாங்கி டாங்க் என்றால் அதுதான். அங்கே காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் இருக்கும், சத்தமும் சண்டையும் இருக்கும். அந்தச் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டுமென்றால் மின்சார ஸ்டீல் கிட்டார் வேண்டும், டிரம் வேண்டும். பாட்டின் பொருளும் மாறியது. அம்மா, மலைவீடு, மோட்சம் என்று பாடிக்கொண்டிருந்தவர்கள் குடி, துரோகம், விவாகரத்து என்று பாடத் தொடங்கினார்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு 1946-ல் அமெரிக்காவில் விவாகரத்து விகிதம் உச்சத்துக்குப் போனது. போரில் ஆண்கள் இல்லாத காலத்தில் வேலைக்குப் போய்ச் சொந்தக் காசு பார்த்த பெண்கள் இப்போது மதுக்கடைக்கும் வந்தார்கள். அதைப் பார்த்து ஆண்களுக்கு வந்த கலவரம்தான் அந்தக் காலப் பாட்டுகளில் பாதி.

'தி வைல்டு சைடு ஆஃப் லைஃப்' அந்தக் கலவரத்தின் சுத்தமான உதாரணம். ஆர்லி கார்ட்டர், வில்லியம் வாரன் இருவரும் எழுதியது. (கார்ட்டர் என்ற பெயரைப் பார்த்து மேலே சொன்ன குடும்பத்தோடு சேர்த்துவிட வேண்டாம். இவர் டெக்சாஸ்காரர்.) தன்னைவிட்டுப் போனவளுக்கு ஒருவன் சொல்கிறான்: கடிதம் எழுதினால் படிக்க மாட்டாய், ஃபோன் செய்யாதே என்றும் சொல்லிவிட்டாய், அதனால் பாட்டாக எழுதிவிட்டேன். மதுக்கடைத் தேவதைகளையும் கடவுள்தான் படைத்தார் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. உன்னை உண்மையாகக் காதலித்தவனை விட்டுவிட்டு, மது ஓடும் ராத்திரி வாழ்க்கைக்குத் திரும்பிவிட்டாய். குற்றம் முழுக்க அவள் தலையில். தன் பக்கம் ஒரு பிசகும் இருந்திருக்கலாம் என்ற சந்தேகம் இந்த ஆளுக்கு வரவே இல்லை.

இதை முதலில் பதிவு செய்தது தாம்சன் இல்லை. டெக்சாஸைச் சேர்ந்த ஜிம்மி ஹீப்பும் மெலடி மாஸ்டர்ஸ் குழுவும் 1951-ல் இம்பீரியல் கம்பெனிக்குப் பதிவு செய்தார்கள். சுற்றுவட்டாரத்தோடு சரி. ஹாங்க் தாம்சனின் மனைவி டோரதி அதைக் கேட்டு, நீங்கள் இதைப் பாட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். தாம்சனுக்கு இஷ்டமில்லை. இந்த மெட்டை எத்தனை முறைதான் கேட்பது, எல்லோரும் பாடி முடித்துவிட்டார்களே என்பது அவர் எண்ணம். கடைசியில் 1951 டிசம்பரில் கேப்பிடல் கம்பெனிக்குப் பதிவு செய்தார். அதையும் வேறொரு பாட்டின் பின்பக்கமாகத்தான் போட்டார்கள். 1952 மே மாதம் பில்போர்டு பத்திரிகையின் கன்ட்ரி பாட்டுப் பட்டியலில் முதலிடம் பிடித்த அந்தப் பின்பக்கம் 15 வாரங்கள் அந்த இடத்தில் இருந்தது. கேட்கவும் அருமையான பதிவு. தாம்சனின் குரல் நிதானமானது, மெருகானது. பிரேஸோஸ் வேலி பாய்ஸ் என்ற அவருடைய குழு நடனத்துக்கு வாசித்துப் பழகியது, தாளம் பிசகாது. பாட்டின் நியாயம் எனக்கு ஒப்பாது, ஆனால் கேட்கும்போது தலை தானாக ஆடும்.

எசப்பாட்டு எழுதியவர் ஜே.டி. மில்லர். லூசியானாவின் க்ரௌலி என்ற சிற்றூரில் பதிவுக்கூடம் வைத்து நடத்தியவர். தாம்சனின் பாட்டைக் கேட்ட சூட்டோடு பதிலை எழுதி, ஆல் மாண்ட்கோமரி என்ற பாடகியைப் பாடவைத்துத் தன் சொந்த லேபிளான ஃபீச்சரில் வெளியிட்டார். தலைப்பு, கடவுளா படைத்தார் என்று கேள்வியாக இருந்தது. அது டெக்கா கம்பெனியின் பால் கோஹன் கைக்குப் போனது. அவர் ஒரு பெண் குரல் தேடினார்.

மில்லரைப் பற்றி ஒரு இடைச்செருகல். பெண்களுக்காகப் பேசிய பாட்டை எழுதியவர், ஸ்லிம் ஹார்போ போன்ற கறுப்பின ப்ளூஸ் கலைஞர்களை அருமையாகப் பதிவு செய்தவர். அதே மனிதர் 1960-களின் நடுவில் ரெப் ரெபல் என்ற லேபிளில் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் இனவெறித் தட்டுகளையும் வெளியிட்டு விற்றார். பாட்டை வைத்து ஆளை எடைபோட முடியாது என்பதற்கு இவரைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

கிட்டி வெல்ஸின் இயற்பெயர் மியூரியல் எலன் டீசன். நாஷ்வில்லிலேயே 1919-ல் பிறந்தவர். கணவர் ஜானி ரைட், 'ஜானி அண்டு ஜாக்' ஜோடியில் ஒருவர். பழைய நாட்டுப்பாட்டு ஒன்றிலிருந்து கிட்டி வெல்ஸ் என்ற மேடைப் பெயரை வைத்ததும் அவர்தான். 1949-ல் ஆர்.சி.ஏ. கம்பெனிக்கு அவர் பாடிய தட்டுகள் எதுவும் விற்கவில்லை. 1952-ல் அவருக்கு 32 வயது, மூன்று குழந்தைகள். பாட்டை விட்டுவிட்டு வீட்டோடு இருந்துவிடலாமா என்ற யோசனையில் இருந்தார். பெண் பாடகிகளின் தட்டு விற்காது, பெண்கள்கூட வாங்க மாட்டார்கள் என்று கம்பெனிக்காரர்கள் வேதவாக்குபோலச் சொல்லிக்கொண்டிருந்த காலம். பாட்ஸி மாண்டானா 1935-லேயே ஒரு பெரிய வெற்றி கொடுத்திருந்தும் அவர்கள் அப்படித்தான் பேசினார்கள். பட்டியலில் தனியாக முதலிடம் பிடித்த பெண் அதுவரை ஒருவரும் இல்லை. 1949-ல் மார்கரெட் வைட்டிங் முதலிடம் வந்தது ஜிம்மி வேக்லியோடு சேர்ந்து பாடிய பாட்டில்.

கிட்டி வெல்ஸ் ஒப்புக்கொண்டதன் காரணத்தை அவரே பிற்காலத்தில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். ஒரு பதிவுக்குக் கலைஞர்களின் தொழிற்சங்கம் நிர்ணயித்த கூலி 125 டாலர். பாட்டு ஓடாவிட்டாலும் அந்தக் காசாவது வரும். புரட்சி செய்கிற எண்ணமெல்லாம் யாருக்கும் இல்லை. 1952 மே 3-ஆம் தேதி, நாஷ்வில் டுலேன் ஓட்டலுக்குள் இருந்த காஸில் பதிவுக்கூடத்தில் வேலை முடிந்தது. ஷாட் ஜாக்சன் ஸ்டீல் கிட்டார், பால் வாரன் ஃபிடில், அதாவது கணவருடைய குழுவின் ஆட்கள்தான்.

பாட்டைக் கவனித்துக் கேளுங்கள். முதல் வரியிலேயே அவள் ஒரு மதுக்கடையில் உட்கார்ந்திருக்கிறாள், ஜூக்பாக்ஸில் அந்த 'வைல்டு சைடு' பாட்டு ஓடுகிறது. அதாவது தாம்சனின் பாட்டு இந்தப் பாட்டுக்குள்ளேயே ஒலித்துக்கொண்டிருக்கிறது. அந்த மெட்டின் மேலேயே அவள் பதில் சொல்கிறாள்: மதுக்கடைத் தேவதைகளைக் கடவுள் படைக்கவில்லை. கல்யாணமான பிறகும் பிரம்மச்சாரி என்று நினைத்துக்கொண்டு திரியும் ஆண்களால்தான் எத்தனையோ நல்ல பெண்கள் தடம் மாறினார்கள். பழியை எல்லாம் பெண் மேல் போடுவது நியாயமில்லை. ஒரு பெண்ணின் மனம் உடைந்தால் அதற்குப் பின்னால் எப்போதும் ஓர் ஆண் இருந்திருக்கிறான்.

இதையே புது மெட்டில் பாடியிருந்தால் ஒரு கண்டனப் பாட்டாக வந்து போயிருக்கும். எல்லோருக்கும் மனப்பாடமான மெட்டில் பாடியதால், தாம்சனின் பாட்டை இனி கேட்கும்போதெல்லாம் இவளுடைய பதிலும் காதில் விழும். அதுமட்டுமில்லை. சர்ச்சில் அந்த மெட்டை நெஞ்சுருகக் கேட்டு வளர்ந்த அதே சனங்கள்தான் இதையும் கேட்டார்கள். பழிக்கப்பட்ட பறவையின் மெட்டில், பழிக்கப்பட்ட பெண். மில்லர் இவ்வளவு யோசித்து எழுதியிருக்க மாட்டார், எசப்பாட்டு என்றால் அதே மெட்டு என்பது தொழில் வழக்கம். ஆனாலும் கேட்டவர்கள் காதில் அந்த எதிரொலி இல்லாமல் இருந்திருக்காது. சாராவின் குரலில் ஊரெல்லாம் பரவிய மெட்டு, ஓர் ஆணின் குற்றப்பத்திரிகையாகி, மறுபடியும் ஒரு பெண்ணின் வாய்க்கே வந்து சேர்ந்தது என்றும் சொல்லலாம்.

பாடிய விதமும் முக்கியம். கிட்டி வெல்ஸ் கத்தவில்லை, நையாண்டி செய்யவில்லை. பக்திப் பாட்டு பாடிப் பழகிய, லேசாக நடுங்கும், மூக்கடைத்தாற்போன்ற குரலில் இருந்ததை இருந்தபடி சொல்கிறார். மேடையில் கட்டம்போட்ட பருத்திக் கவுன் போட்டுக்கொண்டு நிற்கும் மூன்று பிள்ளைகளின் தாய். அவரைப் பார்த்து, இவள் மதுக்கடைக்காரி, அதனால்தான் இப்படிப் பேசுகிறாள் என்று யாரும் சொல்ல முடியாது. அதே வரிகளை வேறொருத்தி பளபளப்பான உடையில் பாடியிருந்தால் 1952-ல் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படியிருந்தும் என்.பி.சி. வானொலி வலைப்பின்னல் பாட்டைத் தடை செய்தது. ஆப்ரி மேடையிலும் முதலில் அனுமதிக்கவில்லை. ஆண் ஒருவன் மதுக்கடைத் தேவதை என்று பாடலாம், பெண் அதற்குப் பதில் பாடினால் ஆபாசம். சனங்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. தன் பாட்டு ஓடுவதே கிட்டி வெல்ஸுக்கு மற்றவர்கள் வந்து சொல்லித்தான் தெரிந்தது. அலபாமா பக்கம் போய்விட்டு வந்த ஆட்ரி, அதாவது கன்ட்ரி பாடகர் ஹாங்க் வில்லியம்ஸின் மனைவி, எங்கே திரும்பினாலும் இதுதான் பாடுகிறது என்றாராம். ஆகஸ்டில் முதலிடம், ஆறு வாரம். தனிப் பாடகியாக ஒரு பெண் பில்போர்டு கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது அதுவே முதல் முறை. ஆப்ரியும் அதே ஆண்டு அவரைச் சேர்த்துக்கொண்டது.

கம்பெனிகள் உடனே பாடம் கற்றுக்கொண்டன, தங்களுக்கே உரிய விதத்தில். கிட்டி வெல்ஸுக்கு இன்னொரு எசப்பாட்டு கொடுத்தார்கள்: வெப் பியர்ஸின் 'பேக் ஸ்ட்ரீட் அஃபேர்' பாட்டுக்குப் பதிலாக 1953-ல் 'பேயிங் ஃபார் தட் பேக் ஸ்ட்ரீட் அஃபேர்'. அதே ஆண்டு கோல்டி ஹில்லும் ஓர் எசப்பாட்டு பாடி முதலிடம் பிடித்தார். பெண் பாட வேண்டுமென்றால் ஓர் ஆண் முதலில் பாடியிருக்க வேண்டும் என்பது போன்ற நிலைமை. கிட்டி வெல்ஸ் அதிலிருந்து வெளியே வந்ததற்கு 1955-ல் வந்த 'மேக்கிங் பிலீவ்' சாட்சி, அது யாருக்கும் பதில் இல்லை. அவர் பாதையில் வந்தவர் லொரெட்டா லின். கிட்டி வெல்ஸைக் கேட்டுத்தான் பாடப் பழகினேன் என்று அவர் சொல்லாத மேடை இல்லை.

இந்த நான்கு பாட்டையும் பாடியவர்கள் நான்கு பேருமே கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேம் என்ற கௌரவப் பட்டியலில் இருக்கிறார்கள்: ஏகஃப் 1962, கார்ட்டர் குடும்பம் 1970, கிட்டி வெல்ஸ் 1976, தாம்சன் 1989. கிட்டி வெல்ஸின் பதிவை அமெரிக்க காங்கிரஸ் நூலகம் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் 2007-க்கான தேர்வுகளில் சேர்த்தது. அவர் 2012 ஜூலையில் 92 வயதில் காலமானார்.

இப்போது எதைக் கேட்பது என்ற கேள்வி. 1929 கார்ட்டர் குடும்பம், 1936 ஏகஃப், 1951 டிசம்பர் தாம்சன், 1952 கிட்டி வெல்ஸ். இந்த வரிசையில், ஒரே மூச்சில் கேளுங்கள். மொத்தம் கால் மணி நேரம்கூட ஆகாது. பிற்காலத்தில் தாம்சனும் கிட்டி வெல்ஸும் தங்கள் பாட்டுகளை ஸ்டீரியோவில் மறுபடி பதிவு செய்திருக்கிறார்கள். இணையத்தில் பல இடங்களில் அவைதான் முதலில் வந்து நிற்கும். ஆண்டைப் பார்த்து மூலப் பதிவைத் தேடிப் பிடியுங்கள், மறுபதிவுகளில் அந்தக் கூர்மை இல்லை.

அதற்கு மேல் வேண்டுமென்றால் நிட்டி கிரிட்டி டர்ட் பேண்ட் 1972-ல் வெளியிட்ட 'வில் தி சர்க்கிள் பி அன்ப்ரோக்கன்' ஆல்பத்தில் வயதான மேபெல் கார்ட்டர் 'ப்ளூ ஐஸ்' பாடுவதைக் கேட்கலாம். ஏகஃபும் அதே ஆல்பத்தில் வேறு பாட்டுகள் பாடியிருக்கிறார். பறவைப் பாட்டை லுசிண்டா வில்லியம்ஸ் 1979-ல் தன் முதல் ஆல்பத்தில் வெறும் கிட்டாரோடு பாடியிருப்பது எனக்குப் பிடிக்கும். இங்கிலாந்து ராக் குழுவான ஸ்டேட்டஸ் குவோ 1976-ல் 'வைல்டு சைடு' பாட்டை எடுத்து அங்கே முதல் பத்துக்குள் கொண்டுபோனது. கேட்டுவிட்டு மறந்துவிடலாம். டேவிட் ஆலன் கோ 1977-ல் பாடிய ஒரு பாட்டின் முடிவில் இந்த நான்கு தலைப்புகளையும் வரிசையாகக் கோத்து ஒரு பத்தியாக்கியிருப்பார், விஷயம் தெரிந்தவர்களுக்கான குறும்பு அது.

ஆணும் பெண்ணுமாகச் சண்டையை நேருக்கு நேர் கேட்க வேண்டுமென்றால் வேலன் ஜென்னிங்ஸும் அவர் மனைவி ஜெஸி கோல்டரும் 1981-ல் இரண்டு பாட்டையும் இணைத்துப் பாடிய பதிவு இருக்கிறது. மெட்டு ஒன்றே என்பதால் ஒட்டுப்போட்ட இடமே தெரியாது. 1993-ல் டாலி பார்டன், லொரெட்டா லின், டாமி வினெட் மூவரும் சேர்ந்து 'ஹாங்கி டாங்க் ஏஞ்சல்ஸ்' என்ற பெயரிலேயே ஓர் ஆல்பம் போட்டார்கள். அதில் இந்தப் பாட்டு வரும்போது நான்காவது குரலாகக் கிட்டி வெல்ஸே வந்து சேர்ந்துகொள்வார், எழுபதைத் தாண்டிய வயதில்.